மக்காச்சோளத்துக்குத் தண்ணீர்: விதைப்பதற்கு முன்பே போட வேண்டிய கணக்கு

முதல் வருடம் இரண்டரை ஏக்கரில் மக்காச்சோளம் போட்டேன். பெரம்பலூர் பக்கம் கரிசல் காடு, ஒரு பழைய கிணறு, ஐப்பசியில் நல்ல மழை. நாற்பதாம் நாளில் பயிர் ஆள் உயரம் நின்றது. வழியில் போகிறவர்கள் வண்டியை நிறுத்திப் பார்த்துவிட்டுப் போனார்கள். கார்த்திகைக் கடைசியில் மழை ஓய்ந்தது. கிணற்றில் ஊறியதை இரண்டரை ஏக்கருக்கும் முறை வைத்துப் பாய்ச்சினேன். தையில் கதிரை உரித்தால் அடியில் இரண்டு வரிசை மணி, மேலே வெறும் சக்கை. மொத்தம் 21 மூட்டை (நூறு கிலோ மூட்டை). கிழக்குக் காட்டு அக்கா ஒரே ஒரு ஏக்கர்தான் போட்டிருந்தார். அந்த ஒரு ஏக்கரில் 26 மூட்டை எடுத்தார். அதே கடை விதை, அதே மழை.

"பூ எடுக்கிற நேரத்துல தண்ணிய பங்கு போட்டா ஒண்ணுமே தேறாதும்மா" என்றார். அந்த ஒரு வரியின் கணக்கு எனக்குப் புரிய இரண்டு பட்டம் (விதைப்புப் பருவம்) ஆனது. நடுவில் மானியத்துக்கும் காப்பீட்டுக்கும் அலைந்த அலைச்சல் தனி. புதிதாக மக்காச்சோளம் போட வருகிறவர்கள் அந்த அலைச்சல் படக் கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன்.

1. விதைக்கும் தேதியைப் பூக்கும் தேதியிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள்

நம் பக்கம் போடுகிற வீரிய ஒட்டு ரகங்கள் பெரும்பாலும் 95 முதல் 110 நாள் பயிர். இதில் ஏறக்குறைய 40ஆம் நாளிலிருந்து 65ஆம் நாள் வரைதான் உங்கள் விளைச்சல் முடிவாகிறது. கொண்டைப்பூ (செடியின் உச்சியில் வரும் ஆண் பூ) வெளியே வருவது, மகரந்தம் கொட்டுவது, கதிர் நுனியில் பட்டு இழை வருவது, மணி பிடிப்பது எல்லாம் இந்த இருபத்தைந்து நாளுக்குள் நடந்துவிடும்.

ஐ.நா.வின் உணவு வேளாண்மை அமைப்பு இதற்கு ஒரு கணக்கு வைத்திருக்கிறது. பயிருக்குத் தேவையான தண்ணீரில் 10 சதவீதம் குறைந்தால் விளைச்சல் எவ்வளவு குறையும் என்று பருவம் பருவமாகப் பார்க்கிற கணக்கு. இளம் பருவத்தில் குறைந்தால் 4 சதவீத இழப்பு. பூக்கும் பருவத்தில் குறைந்தால் 15 சதவீதம். மணி முற்றும்போது 5 சதவீதம், காயும் கட்டத்தில் வெறும் 2 சதவீதம். அதே பத்து சதவீதத் தண்ணீர்தான், எப்போது குறைகிறது என்பதுதான் வேறு.

ஆகவே விதைக்கும் தேதியைக் குறித்ததும் அதோடு 50 நாளைக் கூட்டுங்கள். செப்டம்பர் 20 வாக்கில், புரட்டாசித் தொடக்கத்தில் விதைத்தால் பூ நவம்பர் 9 ஒட்டி வரும். வடகிழக்குப் பருவமழை வலுவாக இருக்கிற நேரம் அது. நான் செய்தது போல அக்டோபர் 25க்குத் தள்ளினால் பூ டிசம்பர் நடுவில் வரும், மணி முற்றுவது தைப் பனியில் நடக்கும். மழை அப்போது பெரும்பாலும் விடைபெற்றிருக்கும். ஒரு மாதத் தாமதம் காலண்டரில் சின்னதாகத்தான் தெரிகிறது, கதிரில்தான் அதன் அளவு தெரியும்.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. முதல் மழை பெய்தவுடன் அவசரப்பட்டு விதைப்பவர்கள் உண்டு. அடுத்த மழை பதினைந்து நாள் கழித்து வந்தால் முளைத்தது காய்ந்துவிடும். மண்ணைக் கையில் எடுத்துப் பிடியுங்கள். உருண்டை பிடித்து, விட்டால் உதிராமல் நிற்க வேண்டும். அரை அடி ஆழத்திலும் அதே பதம் இருந்தால் விதைக்கலாம். மேலே மட்டும் நனைந்திருந்தால் பொறுங்கள்.

2. கிணற்றை வாளியால் அளந்து பாருங்கள்

இதைத்தான் நான் செய்யாமல் விட்டேன். பத்து நிமிட வேலை.

மோட்டாரை ஓட விட்டு, குழாய் வாயில் 15 லிட்டர் வாளியை வையுங்கள். எத்தனை நொடியில் நிரம்புகிறது என்று பாருங்கள். என் குழாயில் 5 நொடி. அதாவது நொடிக்கு 3 லிட்டர், மணிக்கு 10,800 லிட்டர். அப்புறம் மோட்டார் எத்தனை மணி நேரம் ஓடினால் கிணறு வற்றுகிறது, மறுநாள் அதே மட்டத்துக்கு ஊறுகிறதா என்று மூன்று நாள் தொடர்ந்து பாருங்கள். என் கிணறு ஒரு நாளைக்கு 3 மணி நேரம்தான் தாங்கும். ஆக என் கையில் இருந்தது ஒரு நாளைக்கு 32,400 லிட்டர்.

பயிர் எவ்வளவு கேட்கும்? ஒரு ஏக்கரில் 1 மில்லிமீட்டர் தண்ணீர் என்றால் 4,047 லிட்டர். பூக்கும் பருவத்தில் ஒரு நாளைக்கு 5 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள், ஏக்கருக்கு 20,000 லிட்டர் ஆகிறது. என் 32,400 லிட்டரை ஒரு சொட்டும் வீணாக்காமல் கொடுத்தாலும் ஒன்றரை ஏக்கருக்குச் சற்று மேல்தான் வரும். நான் பாய்ச்சியது மண் வாய்க்கால் வழியாக. வாய்க்காலில் உறிஞ்சுவது, மடை உடைவது, வேருக்குக் கீழே இறங்குவது எல்லாம் போக ஒரு ஏக்கருக்குத்தான் தேறியிருக்கும். நான் போட்டது இரண்டரை.

மழையை நம்பலாமா என்று கேட்பீர்கள். முழுப் பயிர்க் காலத்துக்கும் மக்காச்சோளத்துக்கு 500 முதல் 800 மில்லிமீட்டர் வரை தேவை. வடகிழக்குப் பருவமழையின் தமிழ்நாட்டுச் சராசரி சுமார் 440 மில்லிமீட்டர். அதுவும் சீராகப் பெய்வதில்லை. நான்கு நாளில் கொட்டிவிட்டு இருபது நாள் காய்கிற ஊர் நம்முடையது. 2016இல் அந்தப் பருவமழை 60 சதவீதத்துக்கு மேல் பொய்த்து, 2017 ஜனவரியில் மாநிலம் முழுவதையும் வறட்சி பாதித்த பகுதியாக அறிவித்தார்கள். அப்படி ஒரு வருடம் வராது என்று எண்ணி விதைப்பது சரியில்லை.

உங்கள் கணக்கில் எத்தனை ஏக்கர் வருகிறதோ அத்தனைக்கு மட்டும் பாசன மக்காச்சோளம். மீதியில் சோளமோ, உளுந்தோ, துவரையோ போடுங்கள். சோளம் வாட்டத்தில் அப்படியே நின்றுகொண்டு அடுத்த மழைக்கு எழும். மக்காச்சோளத்துக்கு அந்தப் பொறுமை கிடையாது.

3. நிலத்தில் ஈரத்தைப் பிடித்து வையுங்கள்

கோடை மழைக்கு ஒரு உழவு, சரிவுக்குக் குறுக்காக. கடினப்பட்ட அடி மண் இருந்தால் மூன்று வருடத்துக்கு ஒரு முறை உளிக்கலப்பை ஓட்டலாம். ஏக்கருக்கு ஐந்து டன் தொழுவுரம் போட முடிந்தால் போடுங்கள், கரிசலோ செம்மண்ணோ ஈரம் இரண்டு நாள் கூடுதலாக நிற்கும். பார் (நீள மண் மேடு) பிடித்து விதைப்பது கட்டாயம் என்றே சொல்வேன். மழை குறைந்தால் சாலில் (இரண்டு பாருக்கு நடுவில் உள்ள பள்ளத்தில்) தண்ணீர் தங்கும், அதிகமானால் சால் வழியே வடியும். மக்காச்சோளத்துக்கு வறட்சி எவ்வளவு ஆகாதோ அதே அளவு தேங்கல் தண்ணீரும் ஆகாது, அதிலும் முதல் மாதத்தில் இரண்டு நாள் நின்றாலே இலை மஞ்சளாகிவிடும்.

இடைவெளி வரிசைக்கு வரிசை 60 சென்டிமீட்டர், செடிக்குச் செடி 25. ஏக்கருக்கு 8 கிலோ விதை, 4 கிலோ பை இரண்டு. நெருக்கி நட்டால் கதிர் அதிகம் வரும் என்று சொல்லிக் கூடுதலாக ஒரு பை விற்கப் பார்ப்பார்கள். தண்ணீர் நிச்சயமில்லாத காட்டில் நெருக்கிய செடிகள் ஒன்றின் ஈரத்தை ஒன்று குடித்து, கடைசியில் இரண்டும் மணி பிடிக்காத பொக்கைக் கதிர் வைக்கும்.

4. சொட்டுநீர் போடுவதானால் ஒரு பட்டம் முன்னதாகத் தொடங்குங்கள்

தமிழ்நாட்டில் நுண்ணீர்ப் பாசனத்துக்குச் சிறு, குறு விவசாயிகளுக்கு 100 சதவீதம், மற்றவர்களுக்கு 75 சதவீதம் மானியம். சிறு விவசாயி என்றால் நன்செய் இரண்டரை ஏக்கருக்குள் அல்லது புன்செய் 5 ஏக்கருக்குள். மக்காச்சோளம் வேளாண்மைத் துறையின் பயிர். ஆகவே உங்கள் வட்டார வேளாண்மை விரிவாக்க மையத்துக்குப் போங்கள், தோட்டக்கலை அலுவலகத்துக்கு அல்ல. நான் முதலில் போய் நின்றது தவறான படியில், அரை நாள் போனது.

கையில் வைத்திருக்க வேண்டியவை:

- சிட்டா (நிலம் யார் பெயரில் என்று காட்டும் பதிவு). இணையத்தில் காசில்லாமல் எடுக்கலாம்.
- நடப்புப் பசலி (வருவாய்த் துறை ஆண்டு) அடங்கல், அதாவது எந்த நிலத்தில் என்ன பயிர் என்று காட்டும் பதிவு, கிராம நிர்வாக அலுவலர் கையெழுத்தோடு.
- புலப்பட (நில அளவை வரைபட) நகல். கிணறு வேறு சர்வே எண்ணில் இருந்தால் அதன் படமும்.
- ஆதார், ரேஷன் கார்டு, வங்கிப் புத்தக முதல் பக்க நகல், இரண்டு புகைப்படம்.
- வட்டாட்சியர் தருகிற சிறு, குறு விவசாயி சான்று. இ-சேவை மையத்தில் 60 ரூபாய் கட்டி விண்ணப்பிக்க வேண்டும்.
- மண், நீர்ப் பரிசோதனை முடிவு.

இதில் நேரத்தைத் தின்பது சிறு விவசாயி சான்று. எனக்கு மூன்று வாரம் ஆனது, காரணம் நான்தான். பட்டா மாமனார் பெயரில் இருக்கிறது, நான் என் பெயரில் விண்ணப்பம் போட்டேன். பட்டாவில் யார் பெயரோ அவர் பெயரில்தான் சான்றும் விண்ணப்பமும் போக வேண்டும். கூட்டுப் பட்டாவாக இருந்தால் மற்ற பங்காளிகளின் சம்மதக் கடிதத்தை முதலிலேயே வாங்கிவிடுங்கள். வெளியூரில் இருக்கும் பங்காளி பொங்கலுக்குத்தான் வருவார் என்றால் உங்கள் சொட்டுநீரும் பொங்கலுக்கு அப்புறம்தான்.

விண்ணப்பம் பதிந்ததும் நிறுவனத்தை நீங்கள்தான் தேர்ந்தெடுப்பீர்கள். பட்டியலில் இருக்கிற நிறுவனத்தின் ஆள் வந்து காட்டை அளந்து வரைபடமும் மதிப்பீடும் தருவார். அந்தத் தாளை வாங்கி வரிவரியாகப் படியுங்கள். 100 சதவீதம் என்பது அரசு நிர்ணயித்த தொகைக்குள் மட்டும். பக்கவாட்டுக் குழாய்களை நெருக்கிப் போட்டாலோ, கிணறு தூரத்தில் இருந்து முதன்மைக் குழாய் நீளமாகப் போனாலோ மிச்சத்தை நாம்தான் கட்ட வேண்டும். மக்காச்சோளத்துக்கு இரண்டு வரிசைக்கு நடுவில் ஒரு பக்கவாட்டுக் குழாய், குழாய்க்குக் குழாய் 1.2 மீட்டர் போதும். குழாய் மாற்றம் ஏதாவது சொன்னால் எழுத்தில் கேளுங்கள். வடிகட்டி சேர்ந்திருக்கிறதா, உரத்தொட்டி சேர்ந்திருக்கிறதா என்றும் பாருங்கள்.

ஒரு முறை மானியம் வாங்கிய நிலத்துக்கு 7 வருடம் கழித்துத்தான் மறுபடி கிடைக்கும். நிலத்தை வாங்கியவர்களோ குத்தகைக்கு எடுத்தவர்களோ இதை முன்னாடியே விசாரித்துவிடுங்கள். எனக்கு முதல் விண்ணப்பத்திலிருந்து காட்டில் தண்ணீர் சொட்டும் வரை நான்கு மாதம் பிடித்தது. புரட்டாசிப் பட்டத்துக்கு வேண்டுமானால் சித்திரையில் தொடங்குவது நல்லது.

5. காப்பீடு: பயிர் பச்சையாக இருக்கும்போதே

பிரதமரின் பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தில் மக்காச்சோளத்துக்கு நாம் கட்டுவது காரிஃப் பருவத்தில் (ஆடி ஒட்டிய விதைப்பு) காப்பீட்டுத் தொகையில் 2 சதவீதம், ரபியில் (புரட்டாசி, ஐப்பசி ஒட்டிய விதைப்பு) 1.5 சதவீதம். ஏக்கருக்குக் காப்பீட்டுத் தொகை 20,000 ரூபாய் என்று வைத்தால் ரபியில் 300 ரூபாய். உங்கள் மாவட்டத் தொகையும் கடைசி நாளும் ஒவ்வொரு வருடமும் மாவட்ட அறிவிப்பில் வரும். அரசின் உழவன் செயலியிலும் பார்க்கலாம். கடைசி வாரத்தில் போகாதீர்கள், சர்வர் நின்றுவிடும், வரிசை தெருவரை நிற்கும். தேசிய வங்கி, தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கம், பொது சேவை மையம் மூன்றில் எங்கும் கட்டலாம். 2020க்குப் பிறகு கடன் வாங்கியவர்களுக்கும் இது கட்டாயம் இல்லை. ஆகவே 'பயிர்க்கடன் வாங்கியிருக்கிறோம், அவர்களே பிடித்திருப்பார்கள்' என்று இருந்துவிடாதீர்கள். ரசீது கையில் இருக்கிறதா என்று பாருங்கள். பொது சேவை மையத்தில் பிரீமியத்துக்கு மேல் தனிக் கட்டணம் தர வேண்டியதில்லை.

எடுத்துப் போக வேண்டியவை: அடங்கல் அல்லது விதைப்புச் சான்று, சிட்டா, ஆதார், வங்கிப் புத்தகம். பதிந்து முடித்ததும் அங்கேயே நின்று திரையில் நான்கு விஷயம் பாருங்கள்: கிராமத்தின் பெயர், சர்வே எண்ணும் உட்பிரிவும், பயிரின் பெயர், வங்கிக் கணக்கு எண். எனக்கு ‘2ஏ’ என்று இருக்க வேண்டிய உட்பிரிவை ‘2பி’ என்று அடித்துவிட்டார்கள். ரசீதை நான் வீட்டில் மடித்து வைத்தேனே தவிர விரித்துப் படிக்கவில்லை. இழப்பீடு வந்த வருடம் சுற்றி இருந்த எல்லோருக்கும் வந்தது, எங்களுக்கு வரவில்லை. திருத்துவதற்கு உரிய நாள் அப்போது கடந்து போயிருந்தது. வங்கிகள் இணைந்த பிறகு பழைய ஐ.எஃப்.எஸ்.சி. எண்ணைக் கொடுத்து மாட்டியவர்களும் எங்கள் ஊரில் இருக்கிறார்கள்.

இனிமேல் சொல்வதைப் பலர் தவறாகப் புரிந்துகொண்டிருக்கிறார்கள். வறட்சிக்கான இழப்பீடு உங்கள் ஒருவர் காட்டைப் பார்த்து வருவதில்லை. அறிவிக்கப்பட்ட கிராமம் அல்லது குறுவட்டம் (பிர்கா) முழுவதற்கும் சேர்த்து, பயிர் அறுவடைப் பரிசோதனை நடத்தி, அந்தச் சராசரி விளைச்சல் உத்தரவாத விளைச்சலை விடக் குறைந்தால் மட்டுமே கிடைக்கும். உத்தரவாத விளைச்சல் என்பது கடந்த 7 வருடத்தில் நல்ல 5 வருடத்தின் சராசரியை அடிப்படையாக வைத்தது. ஊரில் பாதிப் பேர் ஆழ்துளைக் கிணற்றில் நன்றாக விளைவித்திருக்க, உங்கள் காடு மட்டும் காய்ந்திருந்தால் ஒன்றும் வராமல் போகலாம். தனிக் காட்டுக்குப் பார்க்கிற இனங்கள் வேறு: ஆலங்கட்டி மழை, வெள்ளம் தேங்குவது, நிலச்சரிவு போன்றவை. அறுத்துக் காட்டில் காயப் போட்ட கதிர் 14 நாளுக்குள் மழையில் கெட்டாலும் அப்படித்தான். இவற்றை 72 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும், உதவி எண் 14447.

மழையே இல்லாமல் பகுதியில் 75 சதவீதத்துக்கு மேல் விதைக்க முடியாமல் போனால் காப்பீட்டுத் தொகையில் 25 சதவீதம் தருகிற பிரிவும் உண்டு. அதற்கும் குறித்த நாளுக்குள் பதிந்திருக்க வேண்டும்.

அறுவடைப் பரிசோதனை எந்தச் சர்வே எண்ணில், எந்த நாளில் என்று கிராம நிர்வாக அலுவலரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டு, அன்றைக்கு நாலைந்து பேராகப் போய் நில்லுங்கள். அதற்கு நமக்கு உரிமை இருக்கிறது, எடை போடுவதைக் கண்ணால் பார்க்கலாம்.

6. தண்ணீர் கட்டும் முறை

விதைத்த அன்று ஒரு தண்ணீர், மூன்று நான்கு நாளில் உயிர்த் தண்ணீர். மழை ஈரத்தில் விதைத்திருந்தால் இது தேவைப்படாமல் போகலாம். முதல் இரண்டு வாரம் ஈரம் வேண்டும், ஆனால் தேங்கக் கூடாது.

15ஆம் நாளிலிருந்து 39 வரை கொஞ்சம் காய விடலாம். இந்தப் பருவத்தில் தண்ணீர் குறைந்தால் இழப்பு குறைவு, அதனால் இருப்பதை எல்லா வரிசைக்கும் பங்கு போடுங்கள், ஒரு சால் விட்டு ஒரு சால் பாய்ச்சினாலும் தாங்கும். மத்தியானம் இரண்டு மணிக்கு இலை குழல் மாதிரி சுருள்வதைப் பார்த்துப் பதறாதீர்கள். வெயிலைத் தவிர்க்கப் பயிர் செய்கிற வேலை அது. காலை ஏழு மணிக்குப் போய்ப் பாருங்கள். அப்போதும் இலை விரியாமல் சுருண்டே இருந்தால்தான் வேருக்குக் கீழே ஈரம் தீர்ந்தது என்று அர்த்தம். அன்றைக்கே பாய்ச்ச வேண்டும்.

யூரியாவும் இதோடு சேர்ந்த விஷயம். யூரியா தருகிற தழைச்சத்தைக் கால் பங்கு அடியுரமாகவும், பாதியை 25ஆம் நாளும், மீதிக் காலை 45ஆம் நாளும் போடச் சொல்வார்கள். நாள் வந்துவிட்டது என்று காய்ந்த மண்ணில் போடாதீர்கள். மழைக்கோ தண்ணீருக்கோ நான்கைந்து நாள் காத்திருந்து போட்டால் ஒன்றும் கெடாது.

40ஆம் நாளிலிருந்து பங்கு போடுவதை நிறுத்துங்கள். கிழக்குக் காட்டு அக்கா சொன்னது இதைத்தான். பூக்கும் பருவத்தில் பாதித் தண்ணீர் கொடுத்தால் பாதி விளைச்சல் வராது, அதைவிடக் கீழே போய்விடும். இரண்டு ஏக்கர் இருந்து தண்ணீர் ஒன்றுக்குத்தான் இருக்கிறது என்றால், செடி சீராக நிற்கிற ஒரு ஏக்கரைத் தேர்ந்தெடுத்து அதற்கு முழுதாகக் கொடுங்கள். மற்றதை மனதைக் கல்லாக்கிக்கொண்டு மழைக்கு விடுங்கள், இல்லையென்றால் தீவனத்துக்கு அறுத்துவிடுங்கள். கண்ணெதிரே நல்ல பயிரைக் கைவிடுவது எவ்வளவு வேதனை என்று எனக்குத் தெரியும். இரண்டாம் வருடம் அப்படிச் செய்துதான் ஒரு ஏக்கரில் 27 மூட்டை எடுத்தேன்.

வாய்க்கால் வழிப் பாசனத்தில் ஒரு முறைக்கு 50 மில்லிமீட்டர், ஏக்கருக்கு 2 லட்சம் லிட்டர் போகும். நொடிக்கு 3 லிட்டர் குழாயில் அதற்குப் பதினெட்டரை மணி நேரம். கரிசலில் இது எட்டு முதல் பத்து நாள் நிற்கும், செம்மண்ணில் ஐந்தாறு நாள். சொட்டுநீரில் அதே கிணறு தினமும் இரண்டு மணி நேரம் ஓடினால் ஒரு ஏக்கர் நிறைவாக இருக்கும்.

பண்ணைக்குட்டை வெட்ட இடம் இருந்தால் யோசியுங்கள். 30 மீட்டருக்கு 30 மீட்டர், 2 மீட்டர் ஆழக் குட்டை நிரம்பினால், கரைச் சரிவு போகவே பத்து லட்சம் லிட்டருக்கு மேல் நிற்கும். பூக்கும் நேரத்தில் ஒரு ஏக்கருக்கு நான்கைந்து முறை பாய்ச்சலாம். மானியம் விசாரிக்க வேண்டிய இடம் வேளாண் பொறியியல் துறை.

7. பட்டு வருகிற வாரம் காட்டிலேயே இருங்கள்

வறட்சியில் கொண்டைப்பூ நாள் தவறாமல் வந்துவிடும், பட்டு இழைதான் தாமதிக்கும். மகரந்தம் ஒரு வாரம் போலக் கொட்டும். பட்டு அதற்குப் பின்னால் வந்தால் வாங்குவதற்கு மகரந்தம் இருக்காது. பொக்கைக் கதிர் உருவாவது இப்படித்தான். ஒவ்வொரு மணிக்கும் ஒரு இழை. அந்த இழை ஈரத்தில் ஒரு நாளைக்கு ஓர் அங்குலம் வரை வளரும், ஈரம் இல்லையென்றால் உறைக்குள்ளேயே நின்றுவிடும்.

இந்த வாரத்தில் மோட்டார் பழுது என்று மூன்று நாள் போனால் அது மூன்று நாள் இழப்போடு நிற்காது. 40ஆம் நாளுக்கு முன்பே மோட்டாரைக் கழற்றிப் பார்த்துவிடுங்கள், வடிகட்டியைக் கழுவுங்கள்.

தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் மக்காச்சோள மேக்சிம் என்ற ஊட்டச்சத்துக் கலவை இருக்கிறது. ஏக்கருக்கு 3 கிலோ, 200 லிட்டர் தண்ணீரில் கரைத்து, கொண்டை உருவாகும்போதும் மணி பிடிக்கும்போதும் இலையில் தெளிக்க வேண்டும். வேளாண் அறிவியல் நிலையங்களில் கிடைக்கும், ஆனால் பருவத்தில் தீர்ந்துவிடுகிறது, முன்கூட்டிச் சொல்லி வையுங்கள். கிடைக்காவிட்டால் 10 லிட்டருக்கு 100 கிராம் வெள்ளைப் பொட்டாஷ் கரைத்துத் தெளிக்கலாம். இவை வாட்டத்தைக் கொஞ்சம் தாங்கவைக்கும், தண்ணீருக்கு ஈடாகாது.

மழையில்லாமல் காய்கிற நாட்களில் குருத்தைத் தின்னும் படைப்புழுவும் ஏறும். குருத்தில் மரத்தூள் போன்ற எச்சம் தெரிந்தால் அன்றே வேளாண் அலுவலரிடம் காட்டுங்கள்.

பட்டு வந்து ஒரு வாரம் கழித்து ஒரு சோதனை செய்யுங்கள். நாலைந்து கதிரைப் பறித்து, உறையை நீளவாக்கில் கத்தியால் கீறி, பட்டு அறுந்துவிடாமல் மெதுவாக உரியுங்கள். கதிரைத் தலைகீழாகப் பிடித்து லேசாக உதறுங்கள். மணி பிடித்த இடத்து இழை தானாக உதிரும். பிடிக்காத இடத்து இழை ஒட்டிக்கொண்டே இருக்கும். முதல் வருடம் இந்தச் சோதனை தெரிந்திருந்தால் தை வரை நம்பிக்கொண்டு டீசல் ஊற்றியிருக்க மாட்டேன்.

8. மழை பொய்த்துவிட்டால்

முதலில் தேறுவது எவ்வளவு என்று கணக்கிடுங்கள். 60 சென்டிமீட்டர் வரிசையில் 6.75 மீட்டர் நீளம் ஏக்கரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. அந்த நீளத்தில் கதிர்களை எண்ணுங்கள். நடுத்தரமான ஒரு கதிரில் மணி வரிசை எத்தனை, ஒரு வரிசைக்கு மணி எத்தனை என்று பாருங்கள். 22 கதிர், 14 வரிசை, 25 மணி என்றால் 7,700 மணி, ஏக்கருக்கு 77 லட்சம். ஆயிரம் மணி 250 கிராம் என்று பிடித்தால் 1,925 கிலோ, பத்தொன்பது மூட்டை. காட்டில் நாலைந்து இடத்தில் எண்ணிச் சராசரி எடுங்கள். 2025-26க்கான குறைந்தபட்ச ஆதரவு விலை குவிண்டாலுக்கு 2,400 ரூபாய். அறுவடைக் கூலி, கதிரடிக்கும் கூலி இரண்டையும் கழித்துப் பாருங்கள். ஐந்தாறு மூட்டைதான் வரும் என்றால் தீவனமாக்குவதே மேல்.

அறுப்பதற்கு முன் வேளாண் உதவி அலுவலரையும் கிராம நிர்வாக அலுவலரையும் அழைத்துக் காட்டுங்கள். தேதி விழுகிற புகைப்படம் எடுத்து வையுங்கள். அரசு வறட்சி அறிவித்தால் 33 சதவீதத்துக்கு மேல் சேதமான பயிருக்கு நிவாரணம் உண்டு. மத்திய விதிமுறையில் 2022 முதல் மானாவாரிக்கு ஹெக்டேருக்கு 8,500 ரூபாய், பாசனப் பயிருக்கு 17,000. அடங்கலில் ‘மக்காச்சோளம்’ என்று ஏறியிருந்தால்தான் கணக்கெடுப்பில் உங்கள் காடு வரும். ‘தரிசு’ என்று இருந்தால் எத்தனை மனு கொடுத்தாலும் கடினம். அடங்கல் திருத்தத்தைக் கார்த்திகைக்குள் முடியுங்கள்.

தீவனமாக்கும்போது ஒரு எச்சரிக்கை, மாடு வைத்திருப்பவர்கள் கட்டாயம் படியுங்கள். வாடிய மக்காச்சோளத் தட்டையில் நைட்ரேட் சேர்ந்திருக்கும், அதிலும் அடித்தண்டில். யூரியா அதிகம் போட்ட காட்டில் இன்னும் கூடுதல். அளவு மீறினால் மாடு மூச்சுத் திணறிச் செத்துவிடும். தரையிலிருந்து ஓர் அடி விட்டு மேலே அறுங்கள். நீண்ட வறட்சிக்குப் பின் மழை பெய்தால் ஒரு வாரம் அறுக்க வேண்டாம், அந்த நாட்களில்தான் தண்டில் நைட்ரேட் ஏறும். வெயிலில் காயவைத்தால் நைட்ரேட் குறையாது. ஊறுகாய்ப் புல்லாக (சைலேஜ்) குழியில் மூடி வைத்தால் கணிசமாகக் குறையும், மூன்று வாரம் கழித்துத் திறக்கலாம். எதுவானாலும் வெறும் வயிற்றில் கொடுக்காமல், முதலில் வைக்கோல் போட்டு, அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து கொடுங்கள்.